அழுத்தமும் ஓட்டமும்: தீவிர சிகிச்சையில் இதயத்தின் வெளியேற்றத்தை அளத்தல்



நம் பக்கத்தில் காலைப் பத்திரிகையைப் பிரித்ததும் பலரும் முதலில் தேடுவது அணை நிலவரத்தை. பாபநாசத்தின் உச்ச நீர்மட்டம் 143 அடி, இன்று இத்தனை அடி. மணிமுத்தாறு 118 அடி, இன்று இத்தனை அடி. அதோடு யாரும் பத்திரிகையை மடித்துவிடுவதில்லை. அடுத்த வரியில் நீர்வரத்து, வெளியேற்றம் என்று கனஅடிக் கணக்கு இருக்கும். வயலுக்குத் தண்ணீர் வருமா என்று கேட்கிறவருக்கு அந்த வரிதான் முக்கியம். மதகை இறக்கிவிட்டால் மட்டம் ஏறும், கீழே ஆறு வறண்டு கிடக்கும். தாமிரபரணியும் சிற்றாறும் கோதண்டராம நதியும் கூடுகிற இந்த முக்கூடல் மண்ணில் நின்றுகொண்டு, மட்டம் வேறு ஓட்டம் வேறு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த வேறுபாடு எளிதில் மறந்துபோகிறது. இன்றைய பேச்சின் சாரமே அதுதான். ஐசியு வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, “பிரஷர் எப்படி இருக்கு சார்?” நாங்களும் ஓர் எண்ணைச் சொல்கிறோம். 110-க்கு 80 என்றால் நிம்மதியாகப் போய் ஒரு டீ குடிக்கிறார்கள். பிரஷர் என்பது நீர்மட்டம். உறுப்புகளுக்குப் போய்ச் சேருகிற ரத்தம்தான் வெளியேற்றம். மூளையும் சிறுநீரகமும் ஈரலும் வாழ்வது அந்த வெளியேற்றத்தால்.

ஆரோக்கியமான ஒரு பெரியவரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். உடலில் இருக்கும் மொத்த ரத்தமும் அவ்வளவுதான். அதாவது ஒரு நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று. ஓடுகிற ரத்தத்தின் அளவு குறைந்தால் உடல் உடனே ஒரு தந்திரம் செய்கிறது. கை, கால், தோல், குடல் ஆகியவற்றுக்குப் போகும் சிறு தமனிகளை இறுக்குகிறது. மதகு இறங்குகிறது, மட்டம் நிற்கிறது. மானிட்டரில் பிரஷர் நன்றாகவே தெரியும். கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும். சிறுநீர்ப் பையில் மணிக்கணக்காக ஒன்றும் சேர்ந்திருக்காது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கிருமி ரத்தத்தில் பரவிய செப்சிஸ் நோயாளிக்குத் தமனிகள் எல்லாம் தளர்ந்து விரிந்துவிடும். கை வெதுவெதுப்பாக இருக்கும், பிரஷர் 80-க்கு 40 என்று கிடக்கும், இதயமோ நிமிடத்துக்கு 8 லிட்டர் தள்ளிக்கொண்டிருக்கும். இருவரையும் ‘ஷாக்’ என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். முன்னவருக்குத் தேவையான மருந்து பின்னவருக்குத் தேவைப்படாது. மட்டத்தை மட்டும் பார்த்தால் யார் எவர் என்று தெரியாது.

இதற்கு நம் ஊர் எடுத்துக்காட்டு டெங்கு. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு 2012-ஐ நினைவூட்ட வேண்டியதில்லை. அன்றைய பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்தில், கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் டெங்கு பரவி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வார்டுகள் நிரம்பி வழிந்த ஆண்டு அது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு உறுதியானது. அரசுக் கணக்கில் 66 பேர் இறந்தார்கள். அன்று ஊர் முழுக்க ஒரே பேச்சு: பிளேட்லெட் எவ்வளவு? ஒரு லட்சமா, எழுபதாயிரமா, இருபதாயிரமா? பப்பாளி இலையைப் பறித்து இடித்துச் சாறு எடுக்காத வீடு குறைவு. ஆனால் டெங்குவில் குழந்தை இறப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பிளேட்லெட் குறைவதல்ல. ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியேறிவிடுவதுதான்.

காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில், கசிவு தொடங்குகிறது. வீட்டில் எல்லோரும் “சூடு குறைஞ்சிட்டு, பிள்ளை தேறிட்டான்” என்று மகிழும் நேரம் அது. வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் நீர் சேரும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால், துடிப்புக்குத் துடிப்பு வெளியேறும் அளவும் குறையும். உடல் மதகை இறக்கும். பிள்ளை தெளிவாகப் பேசுவான், தண்ணீர் கேட்பான். பிரஷர் 100-க்கு 85 என்று காட்டும்.

அந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மேல் எண் 100 என்பதால் ‘நார்மல்’ என்று எழுதிவிடலாகாது. 100-இலிருந்து 85-ஐக் கழித்தால் 15. மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இந்த இடைவெளி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தின் அளவோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. டெங்குவில் அது 20-ஆகவோ அதற்குக் கீழோ சுருங்கினால் அதுவே ஷாக் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேல் எண் சரிவதற்காகக் காத்திருக்கக் கூடாது. அது சரியும்போது பல வேளைகளில் காலம் கடந்திருக்கும். துணிப்பட்டையும் ஸ்டெதஸ்கோப்பும் மட்டுமே வைத்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இந்தக் கழித்தலைச் செய்யலாம். இதயத்தின் வெளியேற்றம் குறைகிறதா என்று ஒரு செவிலியர் கண்டுபிடிக்க, இந்தக் காய்ச்சலில் இது போதும்.

டெங்குவின் அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. 24 முதல் 48 மணி நேரத்தில் கசிவு நின்றுவிடும். வெளியே போன நீர் தானாகவே ரத்தத்துக்குள் திரும்பும். அது தெரியாமல் டிரிப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். முதல் நாள் உயிரைக் காத்த அதே சலைன் மூன்றாம் நாள் உயிரை வாங்கிவிடும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: இந்த மணி நேரத்தில், இந்தப் பிள்ளைக்கு, இன்னும் நீர் ஏற்றினால் இதயத்தின் வெளியேற்றம் கூடுமா கூடாதா? தீவிர சிகிச்சை மருத்துவத்தில் பாதி இந்தக் கேள்வியில் அடங்கிவிடும்.

இந்த வெளியேற்றத்தை எப்படி அளப்பது என்று முதலில் வழி சொன்னவர் அடால்ஃப் ஃபிக், 1870-இல், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில். ஒருவர் நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜன் உட்கொள்கிறார். ஒவ்வொரு லிட்டர் ரத்தமும் உடலைச் சுற்றி வரும்போது 50 மில்லி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வருகிறது. அப்படியானால் ஓடிய ரத்தம் 5 லிட்டர். அவ்வளவுதான் கணக்கு. ஃபிக் அதை நோயாளியிடம் செய்து பார்க்கவில்லை. செய்ய முடியாது, உடலைச் சுற்றித் திரும்பிய ரத்தத்தை இதயத்துக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். அதற்கு வழி பிறந்தது 1929-இல். எபர்ஸ்வால்டே நகரத்து இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கைச்சிரை வழியாகவே ஒரு குழாயை இதயம் வரை செலுத்திக்கொண்டு, நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். 1956-இல் கூர்நான், ரிச்சர்ட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஜார்ஜ் ஸ்டூவர்ட் 1897-இல் வேறொரு வழியைக் காட்டினார். ரத்தத்தில் தெரிந்த அளவு உப்புக் கரைசலைச் செலுத்தி, கீழே அது எவ்வளவு நீர்த்து வருகிறது என்று பார்ப்பது. நிறைய ரத்தம் ஓடினால் நிறைய நீர்க்கும். மலை ஓடைகளில் உப்பைக் கரைத்துவிட்டு ஓட்டத்தை அளக்கும் பொறியாளர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 1954-இல் ஃபெக்லர் உப்புக்குப் பதிலாகக் குளிர்ச்சியைப் பயன்படுத்தினார். குளிர்ந்த நீரைச் செலுத்தி, கீழே வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் போதும். சாயமும் வேண்டாம், உப்பும் வேண்டாம்.

1970-இல் ஜெரமி ஸ்வானும் வில்லியம் கான்ஸும் நுனியில் சிறு பலூன் வைத்த குழாயை அறிமுகப்படுத்தினார்கள். பலூனை ஊதிவிட்டால் ரத்த ஓட்டமே அதை இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்கு இழுத்துச் செல்லும். எக்ஸ்ரே அறை தேவையில்லை, கட்டிலருகிலேயே செய்யலாம். இருபத்தைந்து ஆண்டுகள் உலகம் முழுவதும் பெரிய ஐசியுக்களில் அந்தக் குழாய் கோலோச்சியது. பிறகு 1996-இல் அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் கானர்ஸ் குழுவினர் 5,735 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, குழாய் போடப்பட்டவர்களில் இறப்பு அதிகம் என்று எழுதியபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. பிரிட்டனில் 1,041 பேரை இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். குழாய் போட்டவர்களில் 68 விழுக்காட்டினர் இறந்தார்கள், போடாதவர்களில் 66 விழுக்காட்டினர். கெடுதலும் பெரிதாக இல்லை, நன்மையும் இல்லை.

அளப்பதே வீண் என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. குழாய் ஓர் எண்ணைத் தருகிறது. எண் யாரையும் குணப்படுத்துவதில்லை. அந்த எண்ணைப் பார்த்தபின் சிகிச்சையில் எதை மாற்றினார்கள், மாற்றியது சரியான மாற்றமா என்பதைப் பொறுத்துத்தான் நோயாளி பிழைப்பார். சரியான கேள்வி கேட்கப்பட்ட இடத்தில் அதே குழாய் எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தேள் கொட்டியவர்களின் கதை அது.

செந்தேள் கொட்டிய குழந்தையை நம் கிராமத்து மருத்துவர்கள் அறிவார்கள். உடம்பு முழுக்க வியர்வை, வாந்தி, எச்சில் ஒழுகல், பனிக்கட்டி போன்ற கை கால். பிரஷரைப் பார்த்தால் எகிறியிருக்கும். சில மணி நேரத்தில் இருமல் வரும், நுரை தள்ளும், மூச்சு திணறும். விஷம் உடலின் அட்ரினலின் வகைச் சுரப்புகளை ஒரேயடியாக வெளியேற்றி, தமனிகளை இறுக்கிவிடுகிறது. இதயம் மூடிய மதகை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தளர்கிறது. மட்டம் உச்சத்தில், ஓட்டம் அடியில்.

மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில், மகாட் என்னும் சிற்றூரில் பணிபுரிந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இந்தக் குழந்தைகளின் கட்டிலருகே இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்தார். அவரிடம் ஸ்வான்-கான்ஸ் குழாய் கிடையாது. கை எப்போது குளிர்கிறது, பிரஷர் எப்போது ஏறுகிறது, நுரையீரலில் சத்தம் எப்போது கேட்கிறது என்று குறித்துவைத்தார். இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்று முடிவுசெய்து, ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரையைக் கொடுத்தார். 1986-இல் ‘லான்செட்’ இதழில் அதை எழுதினார். கடுமையான செந்தேள் கடியில் நூற்றுக்கு முப்பதை ஒட்டியிருந்த இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் திலீப் கர்னாட், தேள் கொட்டிய சிலருக்கு அந்த நுரையீரல் தமனிக் குழாயைச் செலுத்தி உள்ளே நடப்பதை அளந்து 1998-இல் வெளியிட்டார். சிலருக்குத் தமனி இறுக்கமும் உயர் அழுத்தமும். சிலருக்கு இடது கீழறை தளர்ந்து நுரையீரலில் நீர். மிகக் கடுமையான நிலையில் இரண்டு கீழறைகளும் தளர்ந்து ஷாக். ஒரே விஷம், வெவ்வேறு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு சிகிச்சை. எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு நீர் என்று போனால் யாரோ ஒருவருக்குத் தவறாகத்தான் முடியும் என்பதை அந்த அளவீடுகள் காட்டின. சிற்றூரில் கண்ணும் கையும் கண்டறிந்ததும் மாநகரத்தில் குழாய் அளந்ததும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கின்றன. என் பார்வையில் இந்திய மருத்துவத்தின் பெருமைக்குரிய பக்கங்களில் இது ஒன்று.

நீர் ஏற்றுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் டிரிப்ஸ் மீது இருக்கும் நம்பிக்கை பெரியது. ‘இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்’ என்று நோயாளியே கேட்டு வாங்குகிறார். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிய நிலையில் வந்த 3,141 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் 10.5 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 விழுக்காடு. வழக்கமாக இருந்த ஒன்று அந்த ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளைக் காப்பாற்றவில்லை, கெடுத்தது.

சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இந்துமதி சந்தானம் குழுவினர் செப்சிஸ் ஷாக்கோடு வந்த 147 குழந்தைகளிடம், நீரை மிக வேகமாகக் கொடுப்பதையும் சற்று நிதானமாகக் கொடுப்பதையும் ஒப்பிட்டு 2008-இல் எழுதினார்கள். இறப்பில் வேறுபாடு இல்லை. அந்தத் துறையில் பயின்றவர்கள் கையோடு கொண்டுபோன பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தவணை நீருக்குப் பிறகும் குழந்தையின் விலா எலும்புக்குக் கீழே விரல் வைத்து ஈரல் பெருத்திருக்கிறதா என்று பார்ப்பது, நுரையீரலில் சத்தம் வந்திருக்கிறதா என்று கேட்பது. ஈரல் இறங்கியிருந்தால் வந்த நீரை இதயத்தால் தள்ள முடியவில்லை என்று பொருள். நிறுத்த வேண்டும்.

இன்று என் போன்றவர்கள் அதிகம் நம்புவது, ஒலியலைகளால் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவை. அதை எப்படிச் செய்கிறோம் என்று மாணவர்களுக்காகச் சொல்கிறேன். இடது மார்பின் கீழே, துடிப்பு தட்டுப்படும் இடத்தில் கொஞ்சம் ஜெல் தடவி, கருவியின் தலையை வலது தோள்பட்டை நோக்கிச் சாய்த்து வைத்தால் இதயத்தின் நான்கு அறைகளும் திரையில் விரியும். தலையை இன்னும் சற்று மேல்நோக்கிச் சாய்த்தால் மகாதமனிக்கான வாசல் தெரியும். அந்த வாசலில் அலைக்கற்றையை நிறுத்தி, ரத்தம் ஒரு துடிப்பில் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று அளக்கிறோம். சாதாரணமாக 18 முதல் 22 சென்டிமீட்டர். வாசலின் குறுக்களவு 2 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 3.14. ஒரு நோயாளிக்குப் பாய்ச்சல் 11 சென்டிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.14-ஐ 11-ஆல் பெருக்கினால் துடிப்புக்கு ஏறக்குறைய 35 மில்லி. நாடி 130. ஆக நிமிடத்துக்கு 4.5 லிட்டர். மொத்தத்தைப் பார்த்தால் மோசமில்லை என்று தோன்றும். ஒவ்வொரு துடிப்பும் பாதியளவுதான் தள்ளுகிறது, நாடியின் ஓட்டம்தான் கணக்கை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்பது பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, நீர் ஏற்றலாமா என்ற கேள்வி. ஒரு சொட்டுக்கூட ஏற்றாமல் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. சாய்ந்து படுத்திருக்கும் நோயாளியின் கட்டிலை அப்படியே மாற்றி, தலைப்பக்கம் தாழ, கால்கள் 45 பாகை உயரச் செய்கிறோம். கால்களில் தேங்கிய ரத்தம், ஏறத்தாழ 300 மில்லி, இதயத்துக்குப் போகும். ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் அதே வாசலில் அளக்கிறோம். 11 சென்டிமீட்டர் 13 ஆனால் இந்த இதயம் நீரை வரவேற்கிறது. 11 ஆகவே நின்றால் ஏற்றுகிற சலைன் எல்லாம் நுரையீரலுக்கே போகும். காலை இறக்கிவிட்டால் ரத்தம் பழைய இடத்துக்குப் போய்விடும், ஒரு கெடுதலும் நடந்திருக்காது. சேவியர் மோனே, ஜான்-லூயி தெபூல் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் 2006-இல் இதை நிறுவிக் காட்டினார்கள்.

எக்கோவும் இல்லாத இடத்தில்? தென்னமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. ஒரு பிரிவில், ஓட்டம் குறைந்தால் ரத்தத்தில் கூடும் லாக்டேட்டின் அளவை இரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்துச் சிகிச்சை அளித்தார்கள். மற்றப் பிரிவில் அரைமணிக்கு ஒருமுறை ஒரு கண்ணாடி ஸ்லைடை நோயாளியின் ஆள்காட்டி விரல் நுனியில் வைத்துப் பத்து விநாடி அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் மீண்டும் சிவக்க மூன்று விநாடிக்கு மேல் ஆகிறதா என்று பார்த்தார்கள். 28 நாளில் இறப்பு, விரலைப் பார்த்த பிரிவில் 34.9 விழுக்காடு, லாக்டேட்டைப் பார்த்த பிரிவில் 43.4. புள்ளியியல் கணக்கின்படி வேறுபாடு உறுதியானது என்று சொல்ல மயிரிழையில் தவறியது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் காசில்லாத ஒரு பரிசோதனை, செலவுள்ள ஒன்றுக்குச் சற்றும் தாழ்ந்ததில்லை என்பதாவது தெளிவு. அரைமணிக்கு ஒருமுறை ஒரு மனிதர் நோயாளியின் விரலைப் பிடித்துப் பார்த்தார் என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், விலையுயர்ந்த மானிட்டர்களை நான் முதலில் கேட்க மாட்டேன். வட்டார மருத்துவமனைகளில் அவசரப் பிரிவில் இருக்கும் ஒவ்வொரு மருத்துவருக்கும் இதய எக்கோவின் அடிப்படைப் பயிற்சி வேண்டும். இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தையின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஸ்கேன் கருவிகள் அனைத்தும் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவை. கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவிகள் மீது கெடுபிடி அதிகம். பெண் சிசுக்களைக் காக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு எழுத்தும் தளரக் கூடாது என்பவன் நான். ஐசியு கட்டிலருகே இதயத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு, கண்காணிப்போடு கூடிய தனி அனுமதி முறை ஒன்றை அரசு வகுக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

இரண்டாவது தேவை, செவிலியர்கள். ஐசியுவில் ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்பது எந்தக் கருவியையும்விட முக்கியம். மணிக்கொருமுறை சிறுநீரை அளந்து எழுதுவதும், மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து எழுதுவதும், முழங்கால் வரை கை வைத்து எங்கே குளிர்ச்சி தொடங்குகிறது என்று பார்ப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

தாய்மார்களுக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இங்கே மறுபடியும் டெங்கு வரும். காய்ச்சல் இறங்கிய பிள்ளை சோர்ந்து படுத்தாலோ, வயிற்றை வலிக்கிறது என்றாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, கை கால் குளிர்ந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவாருங்கள். வந்ததும் பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பிரஷரின் இரண்டு எண்களையும் கேளுங்கள். கழித்தால் எவ்வளவு வருகிறது, ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹெமட்டோகிரிட் ஏறுகிறதா, சிறுநீர் போகிறதா என்று கேளுங்கள். கேட்டதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார்.